டிஸ்ப்ளே வரலையா? முதலில் மூடியைத் திறங்கள்

2004-ஐ ஒட்டிய வருடங்களில் மதுரையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். வைகாசி பிறந்தால் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும்; கத்திரி வெயிலும் அந்த நேரம்தான். பெண்டியம் 4 சிஸ்டம், சிஆர்டி மானிட்டர், லேசர் பிரிண்டர், காத்திருக்கும் பெண் வீட்டார் எல்லாம் ஒரே சின்ன அறைக்குள். மதியத்துக்கு மேல் பேஜ்மேக்கர் நகர மறுக்கும். பிறகு சிஸ்டம் தானாகவே அணைந்துவிடும்.

எல்லோரும் வைரஸ் என்பார்கள். எங்களுக்கு சர்வீஸ் பார்த்த அண்ணன் மட்டும் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஹீட் சிங்க்கைக் காட்டுவார். "வைரஸ் இல்ல தம்பி, தூசி. காத்து போக வழியில்ல, பாரு."

அவர் சொன்னது சரி. 2004-இல் வந்த பெண்டியம் 4 பிராசஸர்களில் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட் வரை போனது. சூடு எல்லை மீறினால் சிப் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் சிஸ்டத்தை நிறுத்திவிடும். மெதுவாவதும் அணைவதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்யும் வேலை. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக முடியாது. அறையே 38 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

டிஸ்ப்ளே வராத நாளிலும் அண்ணன் பதறமாட்டார். முதலில் காது கொடுத்துக் கேட்பார். அவார்டு பயாஸ் உள்ள போர்டில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் அடித்தால் பெரும்பாலும் ராம். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாலே பாதி சிஸ்டம் உயிர் பெறும். திரை முழுக்க ஒரே நிறம் ஏறியிருந்தால் மானிட்டரைக் குறை சொல்லுமுன் விஜிஏ கேபிளின் முனையைப் பார்ப்பார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி பின். ஒன்று வளைந்தால் அந்த நிறம் போய்விடும். கடைசியாக மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். 2000-களின் தொடக்கத்தில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க ஏராளமான போர்டுகளைப் பழுதாக்கின. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டரை மாற்றிப் பற்றவைத்தால் போர்டு பிழைத்துக்கொள்ளும்.

இன்று என் மேஜையில் இருப்பதும் பத்து வயது தாண்டிய டெஸ்க்டாப்தான். சூட்டைப் பார்க்கத் தகட்டைத் தொட வேண்டியதில்லை. இலவச மென்பொருள் டிகிரியைக் காட்டிவிடுகிறது. புதிய போர்டுகள் சிலவற்றில் பீப்புக்குப் பதில் சிறு விளக்குகள் எரிந்து, கோளாறு ராமிலா கார்டிலா என்று சொல்கின்றன. கண்டுபிடிப்பது இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில்தான், மூடியைக்கூடத் திறக்காமல் "போர்டு போயிருச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்ற தீர்ப்பை அதிகம் கேட்கிறேன். இது எனக்கு வருத்தம் தருகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத நல்ல டெஸ்க்டாப்கள் மூலைக்குப் போகின்றன. லினக்ஸ் ஏற்றினால் அவற்றில் பல இன்னும் வருடக்கணக்கில் உழைக்கும்.

கோளாறுகள் பெரிதாக மாறவில்லை. 'நோ சிக்னல்' என்று வந்தால் மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டில் செருகினாலும் பெரும்பாலும் திரை இருட்டாகவே இருக்கும். சிஸ்டம் சூடானால் தூசிக்கு அடுத்து, ஹீட் சிங்க்கைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களைப் பாருங்கள். ஒன்று எகிறியிருந்தாலும் ஹீட் சிங்க் சிப்பில் சரியாகப் படியாது. பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

கை வைக்குமுன் மின் ஒயரைப் பிடுங்குங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பெட்டியையும் பழைய சிஆர்டி மானிட்டரையும் மட்டும் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். சத்தம், கேபிள், ராம், தூசி, பேஸ்ட், கெப்பாசிட்டர் என்று வரிசையாகப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அத்தனையும் பார்த்த பிறகும் உயிர் வரவில்லை என்றால் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். அதுவரை எந்தக் கணினியையும் குப்பை என்று முடிவு கட்டாதீர்கள்.