கூண்டில் ஏறிய அதிபர்கள்: கேள்வி-பதில்

கே: தென்கொரியாவில் யூன் சுக் யோல் கொண்டுவந்த ராணுவச் சட்டம் ஆறே மணி நேரத்தில் வாபஸ் ஆகிவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குப் போய் ஆயுள் தண்டனையா? (கோவில்பட்டி வாசகர்)

ப: அவராக மனம் மாறி வாபஸ் வாங்கவில்லை. வாங்க வைத்தார்கள். 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றமும் கட்சிகளும் இயங்கக் கூடாது, ஊடகங்கள் ராணுவத்தின் பிடியில் என்று உடனே ஆணை வந்தது. ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறப்புப் படையினர் நாடாளுமன்ற ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, தீயணைப்பானைப் பீய்ச்சி அடித்து மறித்தார்கள். வாசலில் போலீஸ் நின்றதால் 67 வயது சபாநாயகர் வூ வோன்-ஷிக் வேலி ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார். "சீக்கிரம் வாக்கெடுப்பை நடத்துங்கள்" என்று உறுப்பினர்கள் பதறியபோதும், தீர்மானம் முறைப்படி பதிவாகும்வரை அவர் அசையவில்லை. நாளைக்கு ஒருவர் வந்து 'அது செல்லாது' என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதிகாலை ஒரு மணிக்கு, அவைக்கு வந்து சேர முடிந்த 190 பேரும் ஒருவர் விடாமல் ராணுவச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். 300 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை கேட்டால் அதிபர் விலக்கியே தீர வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 77-வது பிரிவு.

உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு அந்த ஊழியர்களும், நடுராத்திரியில் தெருவுக்கு வந்த பொதுமக்களும், வேண்டுமென்றே மெதுவாக நடந்துகொண்ட சிப்பாய்களும் காரணம். அதைத் தன் நல்லெண்ணத்துக்குச் சாட்சியாக யூன் காட்டியதை ஏற்பதற்கில்லை. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 2026 பிப்ரவரி 19 அன்று சியோல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு கேட்டது மரண தண்டனை.

கே: பதவியில் இருக்கும் அதிபரைக் கைது செய்ய முடியுமா? (தஞ்சாவூர் வாசகி)

ப: கொரியாவில் முடியும், இரண்டே குற்றங்களுக்கு: அரசுக்கு எதிரான கலகம், தேசத்துரோகம். மற்றவற்றுக்கெல்லாம் பதவிக்காலம் முடியும்வரை விலக்கு உண்டு. இது 84-வது பிரிவு. என் பார்வையில் மிகச் சரியான கோடு இது. அன்றாட நிர்வாகத்தில் எடுத்த முடிவுக்கெல்லாம் வழக்கு என்றால் எந்த அரசும் நடக்காது. தன்னைத் தேர்ந்தெடுத்த அமைப்பையே ஒருவர் கவிழ்க்கப் பார்த்தால், அந்த அமைப்பு தந்த கவசத்தை அவர் எப்படிக் கேட்க முடியும்? 2025 ஜனவரி 3 அன்று யூனைப் பிடிக்கப் போன அதிகாரிகளை மாளிகைப் பாதுகாவலர்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஜனவரி 15 அன்று மறுபடி போய்ப் பிடித்தார்கள்.

கே: பிரேசிலில் போல்சொனாரோ திட்டம்தானே போட்டார்? நடக்காத ஆட்சிக் கவிழ்ப்புக்கு 27 ஆண்டுச் சிறை நியாயமா? (ஈரோடு வாசகர்)

ப: நடந்து முடிந்திருந்தால் தண்டிக்க அங்கே நீதிமன்றம் இருந்திருக்குமா? அதனால்தான் அந்நாட்டுச் சட்டம் முயற்சியையே முழுக் குற்றமாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 2021-ல் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவரே அதிபர் போல்சொனாரோதான்.

2022 தேர்தலில் லூலாவிடம் தோற்றபின், முடிவை மாற்றும் ஆணையின் வரைவோடு படைத் தளபதிகளிடம் பேசினார் என்பது வழக்கு. தரைப்படைத் தளபதியும் விமானப்படைத் தளபதியும் உடன்படவில்லை. பின்னால் நீதிமன்றத்திலும் வந்து அதைச் சொன்னார்கள். 2023 ஜனவரி 8 அன்று அவருடைய ஆதரவாளர்கள் தலைநகரில் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றையும் சூறையாடினார்கள். 2025 செப்டம்பர் 11 அன்று உச்ச நீதிமன்ற அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் 27 ஆண்டு 3 மாதம் சிறை விதித்தது. அவரோடு சேர்த்து ராணுவ ஜெனரல்களும் தண்டனை பெற்றார்கள். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1964 முதல் 1985 வரை ராணுவம் ஆண்ட நாடு அது. சித்திரவதை செய்தவர்களை 1979-ன் பொதுமன்னிப்புச் சட்டம் காப்பாற்றிவிட்டது. ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்காக ஜெனரல்கள் தண்டிக்கப்பட்டது அங்கே இதுதான் முதல் தடவை.

கே: தோற்றவரை ஜெயித்தவர் உள்ளே தள்ளுவதற்குப் பெயர்தான் நீதியா? இது பழிவாங்கல் இல்லை என்று எப்படி நம்புவது? (மதுரை வாசகர்)

ப: நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சாட்சி சொன்னது யார்? பிரேசிலில் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல, போல்சொனாரோவே நியமித்த தளபதிகளும் அவருடைய சொந்த உதவியாளரும். விசாரணை மூடிய அறையில் நடந்ததா? இல்லை, தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. மாற்றுக் கருத்துக்கு இடம் இருந்ததா? 'குற்றவாளி அல்ல' என்று தீர்ப்பெழுதிய நீதிபதி லூயிஸ் ஃபுக்ஸ் பத்து மணி நேரத்துக்கு மேல் வாசித்தார், யாரும் தடுக்கவில்லை.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கை முன்னின்று நடத்திய நீதிபதி மொராயெஸ், சதிகாரர்களின் கொலைப் பட்டியலில் இருந்தவர் என்று குற்றப்பத்திரிகையே சொல்கிறது. அவர் ஒதுங்கி, இன்னொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். ஆதாரம் இவ்வளவு கனமாக இருக்கும்போது, பழிச்சொல்லுக்கு இடம் வைத்திருக்கத் தேவையே இல்லை.

கே: அமெரிக்காவில் மட்டும் ஏன் நடக்கவில்லை? (கோவை வாசகி)

ப: தாமதம். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. டிரம்ப் மீது அதற்கான குற்றப்பத்திரிகை வந்தது 2023 ஆகஸ்ட்டில். 2024 ஜூலை 1 அன்று, அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குப் பரந்த விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. நவம்பரில் அவர் தேர்தலில் ஜெயித்தார், அந்த மாதமே வழக்கு கைவிடப்பட்டது. குற்றமா இல்லையா என்று ஒரு ஜூரிகூடச் சொல்லவில்லை.

கே: தண்டனை கொடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து மன்னித்துவிட்டால் நாடு அமைதியாகும் அல்லவா? (நாகர்கோவில் வாசகர்)

ப: இதைக் கொரியா செய்து பார்த்துவிட்டது. 1979 டிசம்பர் 12 அன்று ராணுவத்துக்குள் கலகம் செய்து மேலே வந்தவர் சுன் டூ-ஹ்வான். அடுத்த மே மாதம் குவாங்ஜூ நகரில் எழுந்த மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. ஜெயித்த ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று 1995-ல் அரசு வழக்கறிஞர்கள் கைவிரித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தபின் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1996-ல் சுன்னுக்கு மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள், 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எட்டே மாதம். டிசம்பரில் பொதுமன்னிப்பு, விடுதலை! அதற்குச் சம்மதித்தவர்களில் ஒருவர், அடுத்த அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜுங். 1980-ல் சுன்னின் ஆட்சி மரண தண்டனை விதித்தது இவருக்குத்தான். அவர் மனசு பெரிய மனசு, மறுக்கவில்லை. மன்னிக்கப்பட்டவரோ 2021-ல் சாகும்வரை குவாங்ஜூ மக்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அந்த அமைதியால் என்ன கிடைத்தது?

மன்னிப்பு வேண்டுமானால் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டுக் கொடுக்கட்டும். யூன் விஷயத்திலும் நாளை இந்தப் பேச்சு வரும். கொரியர்கள் சம்மதிக்கக் கூடாது.

கே: நம் நெருக்கடி நிலைக்கு யாராவது தண்டனை அனுபவித்தார்களா? (சென்னை வாசகி)

ப: இல்லை. 1977 மார்ச்சில் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள், மே மாதம் நீதிபதி ஷா கமிஷன் அமைந்தது. இந்திரா காந்தி அதன் முன் வந்தார், ஆனால் சத்தியப்பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்தார். அக்டோபர் 3 அன்று கைது செய்தார்கள், மறுநாளே மாஜிஸ்திரேட் விடுவித்தார். தனி நீதிமன்றங்களுக்கான சட்டம் 1979-ல்தான் வந்தது. 1980 ஜனவரியில் அவர் மீண்டும் பிரதமர், அதோடு எல்லாம் முடிந்தது. விசாரணைக் கமிஷன் அறிக்கைதான் கொடுக்கும், தண்டனை கொடுக்காது. சென்னை மத்திய சிறையில் மிசா (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) கைதிகள் அடிபட்டதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்து உண்மை என்று பதிவு செய்தது, அதுவும் அறிக்கையோடு நின்றது.

கிடைத்த ஒரே நன்மை 1978-ன் 44-வது திருத்தம். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது. உயிர் வாழும் உரிமையையும் முடக்க முடியாது. ஆனால் ஆட்சியில் இருப்பவரே ஜனநாயகத்தைக் கவிழ்க்க முயல்வதைக் குற்றமென்று பெயர் சொல்லி எழுதிய பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் இன்றும் இல்லை. எந்தக் கட்சியும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

ஷா கமிஷனின் அறிக்கைப் பிரதிகள் 1980-க்குப் பிறகு புழக்கத்திலிருந்தே மறைந்துபோயின. தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-ல் அதை மறுபடி புத்தகமாகக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன். உங்கள் ஊர் நூலகத்தில் அது இல்லை என்றால், வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.