நைட் டூட்டிக்கு ஆள் தேவை

"ஒரு கால்கட்டைப் போட்டா எல்லாம் சரியாப் போயிடும்." நம்மூரில் மனச்சிதைவுக்கு முதல் மருந்துச்சீட்டு எழுதுகிறவர் தாய்மாமன். மருந்து, ஏழை வீட்டுப் பெண். குணமாகாவிட்டால் "அவ வந்த நேரம்" என்று பழியையும் அவளே சுமப்பாள். எந்தக் கம்பெனி மாத்திரைக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு? அடுத்து பெரியம்மா: "யாரோ செய்வினை வச்சிருக்காங்க." தாயத்து, மந்திரிப்பு, ஒரு மண்டலம். நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகுதான் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை கண்ணில் படுகிறது.

அரசாங்கம் தூங்குகிறது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். பதறியடித்துக்கொண்டு 16 வருஷத்தில், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சங்கிலி போடக்கூடாது என்று எழுதிவிட்டோம். சரி, சங்கிலி இருந்த இடத்தில் யாரை வைத்தோம்? அம்மாவை.

அவள் மாத்திரையை நுணுக்கிச் சட்னியில் கலக்குகிறாள். அரிவாள்மனையை அரிசி டிரம்முக்குள் ஒளிக்கிறாள். ராத்திரி வாசல் கதவை அடைத்துப் பாய் விரிக்கிறாள். மகளைப் பெண் பார்க்க வருகிற அன்று மகனை எங்கே அனுப்புவது என்று ஒரு வாரம் யோசிக்கிறாள். மூன்று ஷிஃப்டும் அவளே. அதே சட்டம் உடல்நோய்க்குப் போல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரச் சொல்கிறது. அட்மிட் ஆனால் பில் உண்டு. அவள் விழித்திருந்த ராத்திரிகளுக்கு யார் பில் போடுவது?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டால், "ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா." வாசல்படி தாண்டாதவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றுகிறாள். அன்றைக்கென்று பார்த்து அவன் படிய வாரிய தலையோடு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். "நல்லாத்தானே இருக்கான்? ஊனம் நாப்பது பர்சன்ட் வராதே!" அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டாள் அல்லவா, அந்தக் குற்றத்துக்கு அபராதம்.

அக்டோபர் 10 வந்தால் உலக மனநல நாள். பேரணி, மோர், மேடை. "குடும்பத்தின் அன்பே சிறந்த மருந்து" என்று பேசுவார்கள். பேசட்டும். அந்த அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. வீட்டில் மாற்று ஆள் இல்லாததால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது. சால்வையை மடித்து வைத்துவிட்டு, மேடையிலிருந்து எந்த ஐயா அவள் வீட்டுக்கு நைட் டூட்டிக்குப் போகிறார்?