செகண்ட் பிஜிஎம் சார்

கொரட்டூருக்கும் ஆவடிக்கும் இடையே ஓடும் எந்த மின்ரயிலில் ஏறினாலும் அவர் இருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவராக இருக்கலாம், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவராக இருக்கலாம், எஸ்டேட்டுக்குள் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிற பையனாகவும் இருக்கலாம். பூந்தமல்லிப் பக்கம் குடிபோனவர் என்றால் இதையே பஸ்ஸில் செய்வார். யாரோ ஒருவர் போனில் இளையராஜா பாட்டு ஓடும். பல்லவி முடியும்போது இவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல மேலே கிளம்பும். “இப்ப வரும் பாரு.” வயலின்கள் வரும். “இது இல்ல, இரு.” புல்லாங்குழல் வரும். “இதுவும் இல்ல. கீழ... கீழ கேளு.” கீழே என்றால் பேஸ் கிதார். அது எங்கே என்று காது தேடிக்கொண்டிருக்கும்போதே, “போச்சு, போயிடுச்சு! செகண்ட் பிஜிஎம்ல திரும்ப வருவான், விட்டுடாத” என்பார். செகண்ட் பிஜிஎம் என்றால் இரண்டு சரணங்களுக்கு நடுவே வரும் வாத்திய இசை. விரல் இறங்காது. சரணம் முழுக்க, அடுத்து வரப்போவதைப் பற்றிய முன்னறிவிப்பிலேயே கழியும். அடுத்தது வந்ததும், போனதைப் பற்றிய இரங்கலில் கழியும். நான்கரை நிமிடப் பாட்டில் நம் காதில் விழுவது பல்லவியின் முதல் வரியும், திருமுல்லைவாயல் நெருங்குகிறது என்ற அறிவிப்பும்தான்.

1976-ல் அன்னக்கிளி வந்ததிலிருந்து, எது சிறந்த பாட்டு, எந்தப் படத்தின் பாடல்கள் சிறந்தவை என்று இவரைப் போன்ற ரசிகர்கள் ஒரு வழக்கு நடத்திவருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரசனைச் சண்டை மாதிரி தெரியும். ஆனால் தீர்ப்பு சொல்லப்படும் விதத்தைக் கொஞ்சம் கவனித்தால், ரசனைக்கு அங்கே வேலையே இல்லை என்பது புரிந்துவிடும். சட்டம் ஒன்றே ஒன்று: எத்தனை பேருக்குத் தெரியுமோ, பாட்டுக்கு அத்தனை மார்க் குறையும். 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், உலகின் முதல் பத்துப் பாடல்களில் நான்காவதாக வந்தது தளபதியின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. எதிரில் இருப்பவர் ரஹ்மான் ரசிகர் என்று தெரிந்தால், “உலகத்துலயே நாலாவது, தெரியும்ல?” என்று நெஞ்சை நிமிர்த்துவார். அதே பாட்டை இன்னொரு ராஜா ரசிகர் தன் பட்டியலில் சேர்த்துவிட்டால், “அது ஜனங்களுக்குப் போட்டது தம்பி” என்று கையை உதறிவிடுவார். வெளியூர்ச் சண்டைக்கு ஆயுதம், உள்ளூரில் காயலான் கடைச் சரக்கு. இரண்டு வாரம்கூட ஓடாத படத்தின் நான்காவது பாட்டு என்றால் மட்டும் குரல் தழைந்து, கண் லேசாகக் கலங்கும். படத்தின் பெயரே மறந்துபோயிருந்தால் இன்னும் விசேஷம்.

எல்லோருக்கும் தெரிந்த, அதே சமயம் யாராலும் தள்ளிவிட முடியாத பாட்டு வந்துவிட்டால் என்ன செய்வார்? விரல் ஏன் உயர்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ‘என் இனிய பொன் நிலாவே’யை எடுத்துக்கொள்வோம். மூடு பனி, 1980, ராஜாவின் நூறாவது படம், கிதார் வாங்கிய ஒவ்வொரு பையனும் முதலில் தடவிப் பார்க்கும் பாட்டு. இதை மட்டம் தட்டினால் ரயில் பெட்டியில் உதை விழும். அதனால் ஒரு படி கீழே இறங்குவார்: “டியூன் எல்லாம் விடு, பிஜிஎம் கேளு.” பெட்டியில் நாலு பேர் “ஆமா சார், பிஜிஎம் சூப்பர்” என்று சொல்லிவிட்டால் அந்த இடமும் தீட்டாகிவிடும். இன்னொரு படி இறங்கி பேஸுக்குப் போவார். பேஸைக் கவனிக்கிறவன் ஒருவன் அகப்பட்டுவிட்டால் அதற்கும் கீழே போவார்: “அந்த பேஸ் ஒரு இடத்துல நிறுத்துறான் பாத்தியா? அந்த கேப்புதான்பா ராஜா!” ஆக, எந்த வாத்தியமும் வாசிக்காத இடம்தான் ஆயிரம் படத்துக்கு மேல் இசையமைத்தவரின் உச்சம் என்று முடியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சாம்பாருக்குப் பெருங்காயம் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரிக்கிறவரும் இவரும் ஒரே சாதி.

இவரைக் கிண்டல் செய்வது சுலபம், இவர் சொல்வதில் உண்மை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதிக் கொடுப்பவர். அவருடைய பேஸ் மற்றவர்களுடையதைப் போல டிரம்ஸுக்குத் துணையாக முட்டுக்கொடுத்துவிட்டு நிற்பதில்லை. பாடகர் ஒரு பக்கம் போனால் அது இன்னொரு பக்கம் தனி மெட்டாகவே நடக்கும். வாசித்த சசிதரனின் பெயரோ, கிதார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன் பெயர்களோ கேசட் அட்டையில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. அந்தப் பெயர்கள் இன்று சாதாரண ரசிகனின் வாயில் புழங்குகின்றன என்றால், அது விரல் தூக்கிகளின் உபயம். சிறந்தது எது என்ற அரிப்புக்கும் ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் சி-60 கேசட் கொடுத்தால் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டுக்குத்தான் இடம். கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஏ பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் கணக்குப் போட்டு, காசு கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு பாட்டைச் சேர்க்க இன்னொரு பாட்டைப் பலி கொடுத்தவருக்குத் தீர்ப்பு சொல்ல உரிமை உண்டு. இன்று அத்தனை பாட்டும் சட்டைப்பையில் கிடக்கிறது. பலி கொடுக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

எந்த ஊரில்தான் இந்த ரகம் இல்லை என்று இன்னொரு சமாதானம் சொல்வார்கள். ராக் இசைக்குள் மேற்கத்திய செவ்வியலைக் கலந்த புரோகிரஸிவ் ராக் குழுக்களின் ரசிகர்கள் இதில் கில்லாடிகள்தான். ஜெனிசிஸ் குழுவை விட்டு பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகினார். அதற்கு முன் வந்தது சிறந்ததா, பின் வந்ததா என்ற பஞ்சாயத்து அங்கே இன்னும் ஓயவில்லை. நம்மவருக்கு இது தெரிந்தால் சந்தோஷப்பட மாட்டார். யெஸ் குழு 1972-ல் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 18 நிமிடத்துக்கு மேல், ஒரே பாட்டாகப் போட்டது என்று சொல்லிப் பாருங்கள். “ராஜா முப்பது செகண்ட்ல முடிச்சிடுவான்” என்பார். (அவர் மட்டும் ஒருமையில் சொல்லலாம். நாம் சொன்னால் ‘ராஜா சார்’ என்று திருத்துவார்.) ஆனால் ஒப்பீடு ஒரு இடத்தில் உடைகிறது. அந்த ரசிகன் ஒரு இசைத்தட்டை முதல் நொடியிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறான். ராஜாவும் அப்படி உட்கார்ந்து கேட்க வேண்டிய இசைத்தட்டாக, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ போட்டார். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988-ல் ‘நத்திங் பட் விண்ட்’ போட்டார். விவாதம் முற்றினால் நம்மவர் கடைசியாக இறக்கும் துருப்புச் சீட்டு இவைதான். ஆனால் இவற்றில் பல்லவி இல்லை, சரணம் இல்லை, ஆகவே செகண்ட் பிஜிஎம்மும் இல்லை. விரலை எங்கே தூக்குவது? அதனால் பெயரைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். ‘ஹவ் டு நேம் இட்’ இசையை பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தில் பயன்படுத்தினார் என்ற தகவல் கூடுதலாகக் கிடைக்கும்.

இதுவரை சிரிப்பு. இனி என் புகார். இத்தனை வருடம் கேட்ட பாட்டில் இவருக்கு இரண்டாவது சரணம் தெரியாது. சோதித்துப் பார்க்கலாம், மூன்றாவது வரியில் “தானன்னா” என்று இறங்கிவிடுவார். எஸ். ஜானகி எந்த இடத்தில் மூச்சு விட்டார், கவிஞர் என்ன எழுதினார் என்பதெல்லாம் பிஜிஎம் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய இடைஞ்சல்கள். இவர் வீட்டிலேயே, அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே இரண்டு சரணத்தையும் ஒரு சொல் பிசகாமல், சங்கதி உட்படப் பாடி முடிக்கிற ஒருத்தர் உண்டு. உங்களுக்கு எது பிடித்த பாட்டு என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஊருக்கே தெரிந்த பாட்டைச் சொல்லிவிடுவார், மார்க் போய்விடும். ஒரு மனிதர் தன் காதை இவ்வளவு கூர்மையாக்கிக்கொண்டு, பக்கத்தில் பாடுகிற குரலைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர் ரசனை என்றால், அந்த ரசனை எனக்கு வேண்டாம்.

2025 மார்ச் 8-ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழுவோடு ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. திங்கட்கிழமை காலை மின்ரயிலில் தீர்ப்பு தயார்: இதுவரை போட்டதிலேயே இதுதான் உச்சம். பெட்டியில் ஒருத்தர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை, சட்டப்படி இதற்கு மேல் தகுதி எந்தப் பாட்டுக்கும் கிடையாது. “நீங்க கேட்டீங்களா சார்?” என்று ஒரு பையன் கேட்டால் பதிலும் ரெடி:

“செகண்ட் மூவ்மென்ட் வரட்டும், அப்ப பேசு.”