வாடிக்கை

முகம் தெரியாத எத்தனையோ பேர் இன்று என்னை 'அன்பான வாடிக்கையாளரே' என்று அழைக்கிறார்கள். ஒரு வங்கி, ஒரு காஸ் ஏஜென்சி, இரண்டு செல்போன் கம்பெனிகள், எப்போதோ மழைக்கு ஒதுங்கியபோது குடை வாங்கிய கடை. அந்தக் குடைக்கடை தீபாவளி, பொங்கல், என் பிறந்தநாள் எதையும் மறப்பதில்லை. குடை அதே மழையில் கம்பி கழன்றுபோனது என்று தெரிவிக்கத்தான் அந்த நம்பரில் வழியில்லை.

எழுபதுகளின் மாயவரத்தில் இந்தச் சொல் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. ஒரு நாள் போய் உப்பு வாங்கினால் வாடிக்கை ஆகிவிட முடியுமா? அது இரண்டு பேருக்கு நடுவில் மெல்ல மெல்ல ஏற்படுகிற ஒன்று. செட்டியார் மளிகைக்கு நாங்கள் வாடிக்கை, எங்களுக்கு அவர் கடை வாடிக்கை. தயிர்க்காரியை அம்மா 'நம்ம வாடிக்கைக்காரி' என்பாள். அவளும் அடுத்த தெருவில் கூடையை இறக்கி எங்கள் வீட்டைப் பற்றி அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள். யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்ற பேதமெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தெரியாது.

மற்ற இடங்களில் நமக்குக் கிடைத்த பெயர்களில் இந்தப் பிரியம் இருந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் நாம் டிக்கெட்: 'குத்தாலத்துல மூணு டிக்கெட் எறங்குது, ஓல்டான்!' ஓட்டலில் நாலாம் நம்பர் டேபிள். லாட்ஜில் பார்ட்டி, டாக்டரிடம் கேஸ், வக்கீலிடம் கட்சிக்காரர், டெலிபோன் இலாகாவுக்குச் சந்தாதாரர். சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில்தான் கிராக்கி என்ற சொல் அறிமுகமாயிற்று. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் அதற்கு முன்னால் சாவையும் சேர்த்து என்னைப் பார்த்தே சொன்னபோது, எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பது விளங்கியது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து எல்லோரையும் ஒரே கையெழுத்தில் நுகர்வோர் ஆக்கியது. அதுவரை செட்டியார் கடைப் பெருங்காயத்தைத் தவிர நான் எதையும் விசேஷமாக நுகர்ந்ததில்லை.

அந்தக் கடை! மேலே தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து, பேப்பர்ப் பொட்டலத்தை நாலு சுற்றுச் சுற்றி, கத்தரிக்கோல் தேடாமல் சுண்டியே அறுத்து, எழுதிவந்த சீட்டில் ஒவ்வொரு சாமானையும் டிக் அடித்து, நீள நோட்டில் 'தபாலாபீஸ் வீடு' என்ற தலைப்பின் கீழ் பற்று எழுதி முடிக்கும்வரை நான் காத்திருந்தது, முடிவில் என் உள்ளங்கையில் விழப்போகிற அச்சுவெல்லத் துண்டுக்காகத்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஜனவரியில் தினசரி காலண்டர் வரும். வாடிக்கைக்கு மட்டும்தான், சில்லறைக்கு வருகிறவர்கள் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார், பின்னால் ஒரு கட்டு இருக்கும்.

2002இல் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள் என்று வங்கிகளுக்கு விதிமுறை வகுத்தது. அன்று முதல் நான் யார் என்று நிரூபிக்க அவ்வப்போது போட்டோவோடு போய்க்கொண்டிருக்கிறேன். செட்டியாருக்கு இந்தச் சிரமம் இருக்கவில்லை. நல்லெண்ணெய் கூடினால் விருந்தாளி, நொய்யரிசி கேட்டால் யாருக்கோ காய்ச்சல், இருபதாம் தேதிக்கு மேல் காப்பித்தூள் சின்னப் பொட்டலமாகச் சுருங்கினால் அப்பாவின் சம்பளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவருக்கு வெளிச்சம். என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை அப்பாவுக்கு முன்பே தெரிந்துகொண்டவர் அவர்.

இதெல்லாம் இனிமை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சோப்பு வேறு கடையில் இரண்டு பைசா குறைவு என்று வாங்கிவிட்டு, அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, செட்டியார் கண்ணில் படாமலிருக்கப் பட்டமங்கலத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிற பையனுக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: தன்னை யாருக்கும் தெரியாத கடையில் சாமான் வாங்க வேண்டும். சென்னையில் காமதேனு கூட்டுறவு அங்காடிக்குள் முதன்முதலாக நுழைந்து, நானே அலமாரியிலிருந்து எடுத்து, நானே கூடையில் போட்டு, 'அப்பாவுக்கு மூட்டுவலி எப்படித் தம்பி?' என்று யாரும் கேட்காமல் வெளியே வந்தபோது, கப்பலேறி வேற்றுதேசம் போய்ச் சேர்ந்த பூரிப்பு எனக்கு.

அந்த வாடிக்கையில் எல்லோருக்கும் இடம் இருந்ததாகச் சொன்னால் அது பொய். கிராமத்து டீக்கடைகளில் சிலருக்கென்று தனிக்குவளை வைத்திருந்த காலமும் அதுதான். காசைக் கொடுத்தால் பெயரோ ஊரோ கேட்காமல் எல்லோருக்கும் ஒரே காகிதக் கப்பை நீட்டுகிற இன்றைய கடையை நான் அலட்சியம் பேசினாலும், அந்தக் குவளையில் குடித்தவர்கள் பேசமாட்டார்கள்.

வங்கிச் சுவர்களில் வாடிக்கையாளரின் மகிமையைப் போற்றும் பலகை ஒன்று காந்தி பெயரில் தொங்கும், பார்த்திருப்பீர்கள். காந்தி அதைச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ஏறக்குறைய அதே வாசகம் 1941இல் ஓர் அமெரிக்கக் கார் கம்பெனி அதிகாரியின் பேரில் அச்சாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பலகைக்குக் கீழேதான், பித்தளை டோக்கனைக் கையில் வியர்க்க வைத்துக்கொண்டு, காஷியர் டீ குடித்துவிட்டு வரும்வரை நின்றிருக்கிறோம். இப்போது ஏ.டி.எம்.மில் நிற்க வேண்டியதில்லை. திட்டிக்கொள்ள பக்கத்தில் ஆளும் இல்லை. மனைவிக்குப் போன் போட்டால், நான் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு குரல் தேனொழுகத் தெரிவிக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நானறிந்த செய்திதான், ஆனாலும் அவளை இவ்வளவு மரியாதையாக நான் அழைத்ததில்லை.

எங்கள் தெருவில் இன்னும் ஒரு தள்ளுவண்டி வருகிறது. தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை. பணம் விழுந்ததும் வண்டியே தொகையை உரக்க அறிவிக்கும். ஆனால் கறிவேப்பிலைக் கொத்து மட்டும் பழைய முறைப்படி, கேட்காமலே பைக்குள் விழும். போன வாரம் அந்த அம்மாள் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா சார், நேத்து உங்க ஊட்டாண்ட ஒரு பையன் வண்டிய நிறுத்திப் பை குடுத்துனு போனானே, இன்னா வாங்குனீங்க?"

"மருந்தும்மா" என்றேன்.

"மருந்தா? முருங்கக்கா நீட்டினு இருந்துச்சே!"

அன்றைக்குக் கறிவேப்பிலை வரவில்லை.