மாப்ளைக்கு ஒரு மாவு மெசின்

வா மாப்ள. மெசின் பொகஞ்சுபோச்சாமா? அஞ்சு லிட்டர் கிண்ணத்துல நாலு கிலோ மாவைத் திணிச்சா பொகையாம பன்னீரா தெளிக்கும்? கேக் மாவு கலக்கறதைக் கொண்டாந்து, தெருவுக்கே ரொட்டி சுட்ட உன்ற தைரியத்துக்கு மாலைதான் போடோணும்.

புதுசு எடுக்கறயா? முதல்ல நெறம் அடுப்படிச் செவுத்துக்கு ஒத்துவருதான்னு பாரு. அதுதான முக்கியம்! அப்பறம் அட்டையில 1500 வாட்ஸ்னு போட்டிருப்பான், வாயப் பொளந்துக்க. 746 வாட்ஸ் ஒரு எச்.பி. ஆகமொத்தம் ரெண்டு எச்.பி. நம்மூட்டுக் கெணத்து மோட்டாரும் அதேதான். கோடையில மெசினையே கெணத்துல எறக்கிப்போடலாம், போ! கெணத்து மோட்டாருக்கு எழுதியிருக்கிறது தண்டுல கெடைக்கிற பலம். அட்டையில இருக்கிறது பெரும்பாலும் கரண்டு உறிஞ்சற கணக்கு. கடைக்காரனே சொல்லுவான், பில்லுப் போட்டதுக்கப்பறம்.

கேக்கவேண்டியதை மட்டும் தப்பித்தவறியும் கேட்டறாத. எத்தனை கிலோ தாங்கும்? அது வெறும் மாவா, தண்ணி சேத்தா? ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணி ஊத்தினா, கிண்ணத்துல கெடக்கறது 1.6 கிலோ. விடாம எத்தனை நிமிசம் ஓட்டலாம்? பல்சக்கரம் இரும்பா, நைலானா? நைலான்னா மொகஞ்சுளிக்காத. மோட்டார் பொழைக்கட்டும், சக்கரம் தேயட்டும்னு வேணும்னே வெக்கறதும் உண்டு. அந்தச் சக்கரம் தனியா கெடைக்குமான்னு கேளு. கடைக்காரன் மேல பாத்தான்னா, நீ கீழ எறங்கி வந்துரு.

கிண்ணம் நிக்க, கொக்கி சுத்திவந்தா பிளானட்டரி. கிண்ணமும் சேந்து சுத்தினா ஸ்பைரல். ஸ்பைரல்ல மாவு அதிகமாச் சூடேறாது, இறுகின மாவுக்கும் முனகாது. ஆனா முட்டையடிக்க, கிரீம் அடிக்க ஆகாது. பெருசா எடுத்தா த்ரீ பேஸ் கேக்கும், தூக்கிவெக்க நாலாளு வேணும். அந்த நாலாளுக்குச் சோறும் நீதான் போடோணும்.

சரி, சிரிச்சது போதும். ரொட்டி மட்டுந்தான்னா சிங்கிள் பேஸ்ல ஓடற சின்ன ஸ்பைரல் எடு. கேக்கும் வேணும்னா பெரிய பிளானட்டரி எடுத்து, கடைக்காரன் சொன்ன அளவுல பாதியப் போட்டு, கொறைஞ்ச வேகத்துல ஓட்டு. வெய்யக்காலத்துல ஐஸ் தண்ணி ஊத்து. நாலு கிலோவ ரெண்டு தடவையாப் பிசைஞ்சா கவுரவம் ஒண்ணும் கொறையாது மாப்ள, மெசின்தான் கூட நாலு வருசம் கெடக்கும்.