வண்டலூர் போய் வந்த மாப்ளைக்கு

வா மாப்ள, திண்ணையில உக்காரு. வண்டலூர் ஜூவுக்குப் போயிட்டு வந்த களை மூஞ்சியில தெரியுது. பெரிய பய எல்லாத்தையும் சொல்லிட்டான். ஏதோ ஒரு கண்ணாடிக்காரரோட முக்கா மணி நேரம் மல்லுக்கட்டுனியாமே? அவரு 'காட்டுமாடு'ங்கறாரு, நீ 'காட்டெருமை'ன்னு ஒத்தக்கால்ல நிக்கிற. அதுவோ உங்க ரெண்டு பேருக்கும் முதுகக் காட்டிக்கிட்டு அசைபோட்டுதாம். அதுக்கு இருக்கற வெவரம் நம்ம வீட்ல யாருக்கு இருக்கு?

அவரு சொன்னதுதான் சரி மாப்ள. அது எருமையே இல்ல, மாட்டு வகை. நாலு காலுலயும் வெள்ள மேசோடு மாட்டுன மாதிரி இருக்குமே, அதயாவது பாத்தியா? கறுப்பா இருக்கறதெல்லாம் எருமைன்னா நானும் எருமதான். உங்க அத்தை நாப்பது வருசமா அதத்தான் சொல்றா, அது வேற வழக்கு.

அடுத்து வெள்ளப்புலியத் தனிச் சாதின்னு புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தியாம். அதுவும் நம்ம வேங்கைதான்டா, தோலுதான் வெளுத்துப்போச்சு. 1951-ல ரீவா மகாராசா காட்டுல ஒரு குட்டியப் புடிச்சு மோகன்னு பேரு வச்சாரு. அது வளந்ததும் அதோட சொந்த மகளையே அதுக்கு ஜோடி சேத்துத்தான் வம்சத்தப் பெருக்குனாங்க. இங்க மாமன் மகளக் கட்டறேன்னாலே டாக்டரம்மா மொறைக்குது!

'கம்பியே இல்ல மாமா, அகழிதான்'னு பெருமை வேற. ஜெயில் சுவத்தத் தரைக்குக் கீழ எறக்கிட்டா அது ஜெயில் இல்லையாக்கும்? நம்ம பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூருக்கு வா, வேலின்னா என்னான்னு காட்டுறேன். 12 கோடி வருசத்துக் கல்மரம், 18 மீட்டர் நீளம், படுத்தவாக்குல கெடக்கு. 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஒரு நிலவியல்காரரு கண்டு சொன்னாரு. அதச் சுத்தி வேலி. மரம் எந்திரிச்சு ஓடிரும்னா போட்டான்? உன்ன மாதிரி ஆளு ஒரு துண்டு கொத்தி ஷோகேஸ்ல வச்சிருவான்னுதான்.

பேரு வைக்கறதுலயும் நம்ம சனம் லேசுப்பட்டது இல்ல. 2020-ல குன்னம் பக்கம் மண்ணுக்குள்ள உருண்டை உருண்டையாக் கெடைச்சுதே, 'டைனோசர் முட்டை'ன்னு ஒரே கூட்டம். வெவரம் தெரிஞ்சவங்க வந்து பாத்தா அம்மோனைட் கல்லு. இங்கெல்லாம் கடலா இருந்த காலத்துல ஓட்டுக்குள்ள வாழ்ந்த பிராணி. நல்லவேளை, எவனும் அடைக்கோழிய வச்சுப் பாக்கல.

நெசமான டைனோசரும் உண்டுடா, நம்ம அரியலூர்க் கல்லமேட்டுல. யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு பேரு 1987-ல அதுக்குப் பேரு வச்சாங்க: புருகத்காயோசாரஸ் மேட்லியி. முன்பாதி சமஸ்கிருதம், பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம். பின்பாதி மேட்லின்னு ஒரு வெள்ளக்காரரு பேரு. அரியலூருன்னு ஒரு எழுத்தாவது இருக்கா? மொதல்ல கறி திங்கற சாதின்னாங்க, அப்புறம் இல்லல்ல, தழை திங்கறதுன்னாங்க. அதுக்குள்ள எலும்பே மாவா உதிந்துபோச்சு. இப்ப இருக்கறது ரெண்டு மூணு படமும் அந்தப் பேரும்தான். இதுக்கும் ஒரு கூண்டு கட்டி டிக்கெட் போட்டா, மொத ஆளா நீ வரிசையில நிப்ப.

சரி, கரைவெட்டி ஏரிக்கு என்னைக்காவது போயிருக்கியா? மேட்டூர்த் தண்ணி புள்ளம்பாடி வாய்க்கால்ல வந்து நெறையற ஏரி. 2024-ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல ஏறி உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு, வீட்டுப் பக்கத்துல இருக்கற உனக்குத் தெரியல. இமயமலையத் தாண்டி வாத்து வருது மாப்ள, பாஸ்போர்ட்டு கெடையாது. வெள்ளத் தலையில பின்பக்கமா ரெண்டு கறுப்புப் பட்டை, அளந்து இழுத்த மாதிரி இருக்கும். அகழி கெடையாது, கழுத்துல போர்டு கெடையாது. பிடிக்கலன்னா அதுபாட்டுக்குப் பறந்துபோயிரும்.

தை முடியறதுக்குள்ள ஒரு நாள் விடிய நாலு மணிக்கு வண்டியக் கொண்டா. அந்தக் கண்ணாடிக்காரரு நம்பர் இருந்தா அவரையும் கூப்புடு. போர்டு இல்லாத எடத்துல ரெண்டு பேரும் எப்புடிச் சண்ட போடுறீங்கன்னு கரையில உக்காந்து பாக்கணும். புளிச்சோத்துக்கு இப்பவே அத்தைகிட்ட சொல்லிடு, எனக்கு ரெண்டு பொட்டலம்.