கரண்ட் வைத்த நாட்கள்

1989-ல் மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு மார்பில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அன்றும் இன்றும் அதுதான் பேர். கோபால்ட் மெஷின், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 தடவை. தோலில் மையால் கோடு போட்டு, "கோடு அழியக் கூடாதும்மா" என்று அனுப்புவார்கள். ஐந்து வாரமும் அம்மா இடுப்புக்குக் கீழேதான் குளித்தாள். நாலாவது வாரம் அக்குளில் தோல் உரிந்து நீர் கசிந்தது. ஊதா மருந்தைத் தடவி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போர்த்திக்கொள்வாள். துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுப்பது என் வேலை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

2022-ல் என் முறை. லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷின், மூன்றே வாரம், 15 தடவை. கோட்டுக்குப் பதில் கடுகைவிடச் சின்னதாக மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள், தினமும் குளித்தேன். அம்மாவைப் போலவே எனக்கும் இடது பக்கம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். நுரையீரல் விரிந்தால் இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும், அதன்மேல் கதிர் படுவது குறையும். இதயத்தில் படும் சராசரி கதிர் அளவு ஒரு கிரே (கதிர் அளவின் அலகு) கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகளின் ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது என்று சுவீடன், டென்மார்க் பெண்களை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். அம்மாவிடம் யாரும் மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை.

என் தோல் சிவந்து கறுத்தது, அடிமடிப்பில் கொஞ்சம் உரிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அசதி! தோசைமாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "சும்மா படுத்துட்டுத்தானே வர்றே?" என்றார் அத்தை. அம்மாவின் புண்ணைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. என்னிடம் பார்க்க எதுவும் இல்லை. சிகிச்சை முடிந்தும் இரண்டு மாதம் அந்த அசதி இருந்தது.

அம்மாவின் கை இரண்டு வருஷம் கழித்து வீங்கியது. வளையலை அறுத்துத்தான் எடுத்தோம். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்து, அங்கே கதிரும் வைத்தால் அந்த வீக்கம் இன்றைக்கும் வரலாம். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால், நுரையீரலில் கதிர் பட்டதாலும் இருக்கலாம். ஜலதோஷம் என்று விட்டுவிடாமல், கரண்ட் வைத்த டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களே, தோல் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அந்த மாவுப் பாத்திரத்தை நீங்கள் தூக்குங்கள்.